வேலூர்ல உக்காந்து இறால் ஏத்துமதி பண்ணணுமா? கடல் சட்டத்தை இப்படி ஆரம்பிங்க

போன மாசம் காட்பாடில மாமா வீட்டுக்கு போயிருந்தேன், சாப்ட்டு கை கூட கழுவல, "ஏன்டா, நீ தான் ராணிப்பேட்டைல தோல் கம்பெனில எக்ஸ்போர்ட் பேப்பர்லாம் பாக்குறியே, நெல்லூர்ல இறால் வாங்கி வெளிநாட்டுக்கு ஏத்துனா இன்னா, அது மட்டும் கப்பல்ல ஏறாதா"ன்னு கேட்டுட்டாரு. ஏறும் மாமா. ஆனா மாடு எந்த ஊர்ல மேஞ்சதுன்னு இதுவரைக்கும் என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல, மீனுக்கு முதல் கேள்வியே அதான். அவருக்கு ஒரு பழைய டைரில எழுதிக் குடுத்ததை தான் இங்க கொஞ்சம் விரிச்சு போடுறேன்.

ஸ்டெப் 1: எங்க பிடிச்சதுன்னு கேளுங்க

எல்லாத்துக்கும் அடிப்படை 1982ல கையெழுத்தான ஐநா கடல் சட்ட ஒப்பந்தம். 1994ல அமலுக்கு வந்துச்சு, இந்தியா 1995ல சேந்துச்சு, அமெரிக்கா இன்னும் சேரல (இது ஞாபகம் இருக்கட்டும், கீழ அவங்க பண்ற கூத்து வருது). கரையில இருந்து 12 கடல் மைல் வரைக்கும் நம்ம நாட்டு எல்லை மாதிரியே தான். ஒரு கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர், அப்போ 12ன்னா 22 கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட வேலூர்ல இருந்து ஆற்காடு போற தூரம். அதுக்கு அப்புறம் 200 கடல் மைல் வரைக்கும் பொருளாதார மண்டலம், அதாவது 370 கிலோமீட்டர், சென்னை பெங்களூர் ரோட்டை அப்படியே கடல்ல விரிச்சாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அங்க வெளிநாட்டு கப்பல் போலாம் வரலாம், ஆனா நம்மள கேக்காம மீன் பிடிக்க கூடாது. அதையும் தாண்டுனா ஆழ்கடல், யாருக்கும் சொந்தம் இல்ல.

நம்ம நாட்டுக்குள்ள இதுலயே இன்னொரு கோடு இருக்கு. 12 மைலுக்குள்ள மீன்பிடிப்பு மாநில அரசு விஷயம், அதுக்கு மேல மத்திய அரசு. பாக் நீரிணைல மட்டும் 200 மைல் கணக்கு போடவே இடம் கிடையாது, ரெண்டு கரைக்கும் நடுவுல அவ்ளோ தண்ணியே இல்ல, அதனால தான் 1974ல இலங்கையோட உக்காந்து பேசி கோடு போட்டாங்க. அந்த கதைக்குள்ள போனா இன்னிக்கு முடியாது.

ஸ்டெப் 2: பிடிச்சதா, வளத்ததா?

புதுசா வர்றவங்க வழுக்கி விழுற இடம் இதான். மாமா சொல்ற நெல்லூர் இறால் வன்னாமி, குளத்துல வளக்குறது. அதுக்கு படகும் இல்ல, வலையும் இல்ல. ஐரோப்பாவுக்கு கடல் மீன் அனுப்புனா 2010ல இருந்து கேட்ச் சர்டிபிகேட் கட்டாயம், திருட்டு மீன்பிடிப்பை தடுக்க வந்த சட்டம் அது. எந்த படகு, எந்த கடல் பகுதி, எவ்வளவு கிலோன்னு எல்லாம் அதுல வரும், நம்ம ஊர்ல எம்பெடா (மத்திய அரசோட கடல் பொருள் ஏத்துமதி மேம்பாட்டு ஆணையம்) தான் குடுக்கும். குஞ்சுல இருந்து குளத்துல வளத்த இறாலுக்கு அது வேணாம். ஆனா பண்ணை பதிவு, எந்த குளத்துல எடுத்ததுன்னு ரெக்கார்டு, மருந்து டெஸ்ட் ரிப்போர்ட் இதெல்லாம் கேப்பாங்க.

மருந்துன்னு சொன்னதும் எனக்கு தோல் கம்பெனி பெரியவங்க சொல்ற கதை தான் ஞாபகம் வரும். 1989, 90 வாக்குல ஜெர்மனிக்காரங்க தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்க போடுற பிசிபி (பென்டாகுளோரோஃபீனால்) கெமிக்கலை தடை பண்ணதும் இங்க எல்லாரும் ஆடிப் போய்ட்டாங்களாம். இறால்ல அந்த இடத்துல இருக்கிறது குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான்னு தடை பண்ண ஆன்டிபயாடிக் மருந்துங்க. 2016ல ஐரோப்பா இந்திய வளர்ப்பு இறால்ல செக் பண்ற சரக்கை 10 சதவீதத்துல இருந்து 50 சதவீதமா ஏத்துனாங்க. பாதி கன்டெய்னரை தொறந்து பாக்குறாங்கன்னா யோசிச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: பேரை சரியா எழுதுங்க

"இறால்"னு எழுதுனா பத்தாது, அறிவியல் பேரு வேணும். நான் ஒரு தடவ ஃப்ரெண்டுக்காக ஒரு செட் பேப்பர் பாத்தேன், இன்வாய்ஸ்ல வன்னாமின்னு இருக்கு, பேக்கிங் லிஸ்ட்ல மொட்டையா ஷ்ரிம்ப், வாங்குறவங்க ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை, நாலு நாள் போச்சு. எச்எஸ் கோடுன்னா சுங்கத்துல ஒவ்வொரு சரக்குக்கும் இருக்கிற நம்பர், உறைய வச்ச இறாலுக்கு அது 0306 17, வேக வச்சு மசாலா தடவிட்டா அது 1605க்கு போய்டும், வரியும் மாறும்.

பேருல இன்னொரு ஆபத்து இருக்கு. நம்ம வீட்ல பால் சுறா புட்டு சாதாரணம், ஆனா எந்த சுறாவா இருந்தாலும் துடுப்பு ஏத்துமதிக்கு 2015லயே இந்தியா தடை போட்டாச்சு. கடல் அட்டை பக்கமே போகாதீங்க, வனவிலங்கு சட்டத்துல ஜெயில் தான்.

ஸ்டெப் 4: வாங்குறவன் நாட்டு சட்டத்தையும் படிங்க

இங்க தான் கூத்து. 1989ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு, ஆமை தப்பிக்கிற கருவி வலைல இல்லாம பிடிச்ச இறால் எங்களுக்கு வேணாம்னு. அது ஒண்ணும் பெரிய மிஷின் இல்ல, இழுவை மடிக்குள்ள சாய்வா வைக்கிற ஒரு கம்பி தட்டி, இறால் கம்பி சந்துல உள்ள போய்டும், ஆமை தட்டில முட்டி மேல இருக்கிற வாய் வழியா வெளிய வந்துடும். நம்ம கரைக்கு முட்டை போட வருதே பங்குனி ஆமை, அதெல்லாம் இதுல பிழைக்கும். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேந்து உலக வர்த்தக நிறுவனத்துல கேஸ் போட்டாங்க, 1998ல தீர்ப்பு. ஆமையை காப்பாத்தணும்னு நினைச்சது தப்பில்ல, ஆனா கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு 3 வருஷம் டைம் குடுத்துட்டு ஆசியாவுக்கு 4 மாசம் குடுத்தது பாரபட்சம்னு சொல்லிட்டாங்க. நம்ம ஜெயிச்ச மாதிரி தெரியும், ஆனா அமெரிக்கா நடைமுறையை மாத்துச்சே தவிர சட்டத்தை எடுக்கல, மலேசியா திரும்ப போய் 2001ல தோத்துச்சு. என்னை கேட்டா கருவியை மாட்டுறது தான் சரி, டைம் குடுக்காம மிரட்டுனது தான் தப்பு. மாமா அனுப்பப் போறது குள இறால், அதனால இந்த தலைவலி அவருக்கு இல்ல.

மீன் வளம் பத்தி முழு ஆதாரம் கைல இல்லன்னு சொல்லி கட்டுப்பாட்டை தள்ளிப் போடக் கூடாதுன்னு 1995 ஐநா மீன்வள ஒப்பந்தத்துல ஒரு விதி இருக்கு, முன்னெச்சரிக்கை கொள்கைன்னு சொல்வாங்க. அதே கொள்கையை இந்திய சட்டத்துல ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் 1996ல சொன்ன கேஸோட பேரு இன்னா தெரியுமா, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். பாலாத்துல தோல் தொழிற்சாலை கழிவு கலந்த கேஸ். கடலே இல்லாத நம்ம ஊரு பேரு சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லார் நோட்லயும் இருக்கு, பெருமைப்படுறதா வெக்கப்படுறதான்னு தெரியல.

ஸ்டெப் 5: லைசென்ஸ்

இது சீக்கிரம் முடிஞ்சிடும். டிஜிஎஃப்டில (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) ஐஇசி, அதாவது ஏத்துமதி இறக்குமதி கோடு எடுங்க, நம்பரு உங்க பான் நம்பரே தான். அப்புறம் எம்பெடால பதிவு. சொந்தமா ஃப்ரீசிங் பிளான்ட் இல்லன்னா வணிக ஏத்துமதியாளரா பதிவு பண்ணிட்டு அங்கீகாரம் இருக்கிற பிளான்ட் வழியா அனுப்பலாம், வேலூர்ல ஐஸ் ரூம் கட்டி காசை கரைக்க வேணாம்.

பழகிப் பாக்க ஒரு வேலை சொல்றேன். மே மாசம் வேலூர் மீன் மார்க்கெட்டுக்கு போங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்கு கரைல விசைப்படகுக்கு தடை, ஆனா கடைல மீன் கீது. எங்க இருந்து வருதுன்னு கேட்டு ஸ்டெப் 1ல இருந்து வரிசையா எழுதுங்க. மாமாவை அனுப்புனேன். கடைக்காரர் அய்லாவை தராசுல போட்டுகினே "மங்களூர் லோடு நைனா, அந்த பக்கம் தடை ஜூன்ல தான்"னு ஒரே வரில சொல்லிட்டாராம். மாமா டைரில அதை எழுதிட்டு, ரெண்டு கிலோ அய்லாவும் வாங்கினு வந்துட்டாரு.