அரசு அலுவலர் மீது சிவில் வழக்கு: கெடு எப்போது முடிகிறது?

அரசு அலுவலரின் செயலால் நட்டப்பட்டவர்கள் பலரும் மனுமேல் மனு போட்டே வழக்கின் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள். கலெக்டருக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் சம்பவ தேதியையும் உத்தரவு தேதியையும் முதலில் எழுதி வையுங்கள்.

3 வருடம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வதை இங்கே நம்பக் கூடாது. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் பல இனங்களுக்கு 1 வருடம்தான். சட்டப்படி செய்ததாகச் சொல்லும் செயலுக்கோ, செய்யத் தவறியதற்கோ இழப்பீடு கேட்டால் ஆர்ட்டிக்கிள் 72. அலுவலரின் உத்தரவை ரத்து செய்யக் கேட்டால் ஆர்ட்டிக்கிள் 100. சட்டவிரோதக் காவலுக்கு அடைப்பு முடிந்த நாளிலிருந்தும், பொய் வழக்குக்கு விடுதலையான நாளிலிருந்தும் 1 வருடம். 3 வருடம் என்பது வேறு ஆர்ட்டிக்கிள் எதுவும் பொருந்தாதபோது வரும் 113-க்கும், விளம்புகை (உரிமை இன்னாருக்கென்று கோர்ட் அறிவிப்பது) கேட்கும் 58-க்கும் உரியது. போலீஸ், உள்ளாட்சி தொடர்பானவற்றில் தனிச் சட்டம் இன்னும் குறைந்த கெடு வைத்திருக்கிறதா என்று வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது சிவில் நடைமுறைச் சட்டம் 80-ம் பிரிவு நோட்டீஸ். உங்கள் பெயர், விவரம், முகவரி, வழக்கு மூலம் (வழக்குப் போடக் காரணமான நிகழ்வு), கேட்கும் பரிகாரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாநில அரசென்றால் செயலாளருக்கோ மாவட்ட கலெக்டருக்கோ, அலுவலரென்றால் அவர் கையிலோ அலுவலகத்திலோ சேர்க்க வேண்டும். அலுவலரின் அரசுப் பணிச் செயலுக்காக வழக்கு என்றால் அரசும் பிரதிவாதி. ஆகவே இருவருக்கும் அனுப்புங்கள். நோட்டீஸ் சேர்ந்து 2 மாதம் முடியும் முன் பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) போட்டால் அதுவே தள்ளுபடிக்குக் காரணமாகலாம். சேர்ந்த தேதியைக் காட்டும் ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்; நோட்டீஸ் கொடுத்த விவரத்தைப் பிராதிலும் எழுத வேண்டும்.

அந்த 2 மாதத்தைக் கெடுக் கணக்கில் சேர்க்காமல் காலவரையறைச் சட்டம் 15(2) கழித்துத் தருகிறது. உதாரணமாக, 2025 மார்ச் 10-ல் நடந்த செயல். முதல் நாளை விட்டு எண்ணினால் 1 வருடம் 2026 மார்ச் 10-ல் முடியும். அதற்குள் நோட்டீஸ் கொடுத்திருந்தால் மே 10 வரை வரும். அது ஞாயிறு, கோடை விடுமுறையும் இருக்கலாம். அப்படியானால் 4-ம் பிரிவுப்படி கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். இந்த ஓரத்தில் நின்று பார்க்காதீர்கள், நோட்டீஸை முதல் சில மாதங்களிலேயே அனுப்பிவிடுங்கள்.

பெரிய பொறி ஒன்று உண்டு. அலுவலர் தன் சொந்தப் பகைக்காகச் செய்த, பணிக்குச் சம்பந்தமே இல்லாத செயலுக்கு 80 நோட்டீஸ் தேவையில்லை. தேவையில்லாத நோட்டீஸ் கொடுத்தால் 2 மாதக் கழிவும் கிடைக்காது. எந்த வகை என்று சந்தேகமிருந்தால் கழிவைச் சேர்க்காமல் எண்ணி, நோட்டீஸ் காலமும் அதற்குள் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இடிப்பு போன்ற அவசரத்தில் 80(2)-ன்படி கோர்ட் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலே போகலாம். ஆனாலும் அரசுத் தரப்புக்கு வாய்ப்புத் தராமல் இடைக்காலத் தடை வராது. அவசரம் இல்லை என்று கோர்ட் கருதினால் பிராதைத் திருப்பிவிடும்.

தாமதத்தை மன்னிக்கும் 5-ம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான், அசல் வழக்குக்கு இல்லை. எதிர்த்தரப்பு கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் 3-ம் பிரிவுப்படி கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும். அதிகார வரம்பில்லாத கோர்ட்டில் நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்திய காலத்தை மட்டும் 14-ம் பிரிவில் கழிக்கக் கேட்கலாம். அதற்கு அந்தக் கோர்ட்டின் தாக்கல் தேதியும் முடிவு தேதியும் உள்ள சான்று நகல் கையில் வேண்டும்.