கடலில் சூரியன் மறையாது: திருகோணமலைக் குறும்படக்காரர் விடும் பிழைகள்

என் முதல் குறும்படத்தின் கடைசிக் காட்சியை இப்படி எழுதியிருந்தேன்: நிலாவெளிக் கரையில் ஒரு கிழவர் குந்தியிருக்கிறார், அவருக்கு முன்னால் கடலில் சூரியன் மறைகிறது. வாடகை வான் பிடித்து, ஆட்களோடு பின்னேரம் ஐந்து மணிக்குப் போய் இறங்கினோம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் பனைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எழுதும்போது தலைக்குள் ஓடியது வேறு யாரோ வேறு எங்கோ எடுத்த படம்.

விடியலை எடுத்து அந்தி என்று ஒட்டிவிடலாம் என்பார்கள் சிலர். வெளியூரில் செல்லும். உப்புவெளிக்காரன் வள்ளங்களைப் பார்த்தே பிடித்துவிடுவான்.

காலமும் அப்படித்தான். விளைந்த வயல் வேண்டுமென்றால் மழைக்கால நெல்லான பெரும்போகத்தின் அறுவடைக்கு, மாசி பங்குனியில் போங்கள். தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்வதால் கோடையில் சிறுபோகமும் உண்டு. மூதூர்ப் பக்கத்து மானாவாரி வயல்களில் ஆடி மாதம் போனால் மாடு மேய்வதைத்தான் எடுக்கலாம். மிச்சத்தை அடுத்த கிழமை எடுக்கலாம் என்று அறுவடை நேரத்தில் மட்டும் நினைக்காதீர்கள். வெட்டும் மெஷின் இறங்கினால் காலையில் நின்ற கதிர் பின்னேரம் இராது. கார்த்திகை மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து கடல் கொந்தளிக்கும், கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் காட்சியை அப்போது வைக்காதீர்கள்.

கரைவலையில்தான் நான் பெரிய பாடம் படித்தேன். எல்லோரையும் போல மீன் சேர்ந்த வலைப்பையான மடி கரையேறும் அந்தப் பத்து நிமிடத்தை எடுக்கப் போனேன். மீன் துள்ளுகிறது, காகம் வட்டமிடுகிறது, எல்லாம் சரி. திரையில் பார்த்தால் ஒன்றுமில்லை, நாட்காட்டிப் படம். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு குழு மணிக்கணக்காக இழுத்திருக்கிறது. அது என்னிடம் இல்லை. கயிறு உரசாமல் இடுப்பில் சாக்குத் துண்டு கட்டியிருந்த ஒருவர், பின்னோக்கி நடந்து நடந்து மணலில் குதிக்காலால் ஒரு நீண்ட கோடு போட்டிருந்தார். அதை நான் கண்டது மூன்றாவது முறை போனபோது. முதல் நாள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம், “அண்ணே, இன்னொருக்கா இழுக்கலாமா?” என்று கேட்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி, இது கயிறிழுக்கிற போட்டி இல்ல” என்றார்.

இன்னொன்று. இப்போது பல கரைகளில் கயிற்றை உழவு இயந்திரத்தின் வின்ச் சுற்றுகிறது. படம் எடுக்கப் போகிறவர் முதலில் செய்வது அந்த உழவு இயந்திரத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவதுதான். கைபேசி, பிளாஸ்டிக் கதிரை, தகரக் கூரை எல்லாம் அதன் பின்னால் போகும். மிஞ்சுவது யாரும் வாழாத கிராமம். வின்ச் வந்தபின் கயிற்றில் நின்ற ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தால், அங்கேயே ஒரு படம் கிடைத்திருக்கும்.

பேச்சு விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். முஸ்லிம் ஊரான கிண்ணியாவின் பிள்ளை ‘வாப்பா’, ‘உம்மா’, ‘காக்கா’, ‘ராத்தா’ என்றுதான் கூப்பிடும். அதன் வாயில் சென்னைத் தமிழை வைத்தால் படம் அங்கேயே செத்துவிடும். யாழ்ப்பாணப் பேச்சை எல்லா ஊருக்கும் பூசுவதும் அதே பிழைதான். வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் பேச்சின் இழுவை இன்னும் வேறு. வசனத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். நடக்கப்போவதைச் சொல்லி, அவர்கள் வாயால் வருவதை எடுங்கள்.

ஒலியை வீட்டுக்குப் போய்ச் சரிசெய்யலாம் என்று நம்பாதீர்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைக்குக்கு ரோமமூடி இல்லாவிட்டால் கடலும் கேட்காது, ஆளும் கேட்காது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள், தொகுப்பில் வெட்டுகளை மூட அதுதான் கைகொடுக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வீட்டுக்குள் டியூப் லைட்டின் கீழ் எடுக்கும்போது ஷட்டரை 1/50 இல் வைத்தால் படம் மினுக்காது. வெளியே மத்தியான வெள்ளை மணலில் முகம் கரியாகும், அந்த நேரம் சாப்பிடப் போங்கள்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. கோணேசர் மலையை மேலிருந்து சுற்றுவது சுற்றுலா விளம்பரம். அதைவிட, துறைமுகத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் படம் அல்ல, நீங்களே சிக்குவீர்கள்.

அப்புறம் இழப்பு. சம்பூரில் 2006 இல் போரால் இடம்பெயர்ந்து பல வருடம் முகாமில் இருந்து திரும்பிய வீடுகள் உண்டு. கமராவைத் திறந்தவுடன் “அப்ப என்ன நடந்தது, அம்மா?” என்று கேட்பவர்களை அந்த அம்மாமார் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டார்கள். பதிலும் பாடமாகியிருக்கும், அழுகிற இடம் உட்பட. நான் ஒரு வீட்டில் கமராவை வான் வண்டியிலேயே விட்டுவிட்டு இரண்டு நாள் கிணறு இறைக்க உதவினேன். மூன்றாம் நாள் அந்த அம்மா பேசியது போரைப் பற்றி அல்ல, திரும்பி வந்தபோது காணாமல் போயிருந்த வேலி எல்லையைப் பற்றி.

படம் முடிந்ததும் விழாக்களுக்கு அனுப்புகிறோம், எடுத்த ஊருக்கு மட்டும் காட்டுவதில்லை. புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போங்கள். கிண்ணியா என்றால் இரவு இஷாத் தொழுகை முடிந்த பிறகு தொடங்குங்கள். திரைக்கு வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தால் போதும். கடற்கரை என்றால் கீழ் விளிம்பில் ஈர மணல் பைகளைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் படத்தில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.