70 ஒபியூக்கி: ஓர் இரட்டை விண்மீனை மொட்டைமாடியிலிருந்து எடைபோடுவது எப்படி

குப்பத்துக்கு வெளியே ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலையில் கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழில் நடக்கும். பட்டறை விளக்குகள் இரவு வானத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. என்றாலும் 80 மிமீ தொலைநோக்கியும் ஒரு கைப்பேசியும் இருந்தால், 16.7 ஒளியாண்டு தள்ளி இருக்கும் இரண்டு விண்மீன்களின் நிறையை இங்கிருந்தே கணக்கிட்டுவிடலாம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது 70 ஒபியூக்கி. வானத்தின் நடுக்கோட்டை (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஓடும் கோடு) ஒட்டி இருப்பதால் நம் ஊருக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வருகிறது. உச்சியில் நிற்கும் விண்மீனின் ஒளி மிகக் குறைந்த காற்றைக் கடந்து வருவதால் படம் அதிகம் நடுங்காது.

முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மே மாதம் பின்னிரவில் இரண்டு மணிக்கு மேல் உச்சியில் நிற்கும். ஆனி, ஆடியில் நள்ளிரவுக்கு முன்பே வந்துவிடும், ஆனால் மேகத்தை நம்ப முடியாது. மழை நின்ற இடைவெளி கிடைத்தால் அக்டோபர் மாலையில் மேற்கே பார்க்கலாம். திருவோணத்திலிருந்து மேற்கு நோக்கிக் கையை நீட்டி மூன்று முட்டி அகலம் அளந்தால், அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக மங்கலான விண்மீன்கள் சில சிறு கூட்டமாக நிற்கும். அதில் 67, 70 என்று எண்ணிட்ட இரண்டும் ஏறத்தாழ ஒரே பொலிவு கொண்டவை. கிழக்கே இருப்பது 70. சந்தேகம் வந்தால் நிறத்தைப் பாருங்கள்: 67 நீலம் கலந்த வெள்ளை, 70 மஞ்சள்.

வெறும் கண்ணுக்கு அது ஒற்றைப் புள்ளி. தொலைநோக்கியில் நூறு மடங்கு உருப்பெருக்கம் வைத்தால் இரண்டாகப் பிரியும். பெரியதன் பொலிவெண் (எவ்வளவு ஒளியாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் எண்) 4.2, துணையினுடையது 6.0. எண் கூடினால் ஒளி குறைவு என்பதை மறக்க வேண்டாம். இந்த 1.8 வேறுபாட்டுக்குள் ஐந்து மடங்கு ஒளி வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இனி அளவீடு. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, பூமியின் சுழற்சியே அளவுகோல். தொலைநோக்கியில் மோட்டார் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கைப்பேசியைக் கண்ணருகு வில்லையில் பொருத்திக் காணொளி எடுங்கள். வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள விண்மீன் ஒரு விநாடிக்கு 15 வில்விநாடி நகரும். ஒரு பாகை என்பது 3,600 வில்விநாடி. ஆக, பத்து விநாடியில் படம் 600 பிக்சல் நகர்ந்தால், 600 பிக்சல் என்பது 150 வில்விநாடி. ஒரு வில்விநாடிக்கு நான்கு பிக்சல். அடுத்து, இரண்டு விண்மீன்களுக்கும் இடையே எத்தனை பிக்சல் என்று எண்ணி நான்கால் வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும். நகர்ந்த திசை மேற்கு என்பதால், துணை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் அதே காணொளியிலிருந்து அளக்கலாம்.

இப்போது இடைவெளி ஆறு வில்விநாடிக்கும் மேல். 1984-இல் மிக நெருங்கி வந்த துணை, 2028 வாக்கில் மிக அதிகத் தொலைவை எட்டும். அதனால் தொடங்குவதற்கு இவை நல்ல ஆண்டுகள். ஒரே படத்தை நம்ப வேண்டாம். தெளிவான பல படங்களை அளந்து சராசரி எடுங்கள். சராசரிக்குப் பக்கத்தில், மிகப் பெரிய அளவையும் மிகச் சிறிய அளவையும் எழுதுங்கள். என் அக்கா மகன் பிக்சல் எண்ணித் தருவான். “மாமா, சராசரி மட்டும் போதாதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். போதாது. பிழை எழுதாத அளவை, ரசீது இல்லாத செலவைப் போலத்தான் நான் பார்க்கிறேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இதே விண்மீனுக்கு நம் சென்னையோடு தொடர்புடைய ஒரு கதை உண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்துக்குத் தலைமை வகித்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 1855-இல் 70 ஒபியூக்கியின் துணை கணக்கிட்ட பாதையில் சரியாக ஓடவில்லை என்று கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்பது அவர் முடிவு. சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள் உண்டு என்று அளவீட்டின் அடிப்படையில் எழுந்த மிகப் பழைய கூற்றுகளில் இதுவும் ஒன்று. நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் தாமஸ் சீ என்ற வானியலாளர் அதையே வேறு வடிவில் சொன்னார். 1899-இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் என்ற வானியலாளர், சீ சொன்ன மூன்றாவது பொருள் அந்தப் பாதையில் நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1988-இல் வானியலாளர் வுல்ஃப் ஹைன்ட்ஸ் பழைய அளவீடுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தும் கோளுக்கான ஆதாரம் கிடைக்கவில்லை. ஜேக்கப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணாலேயே அளந்து அவ்வளவு நுணுக்கம் வரை போனது பெரிய உழைப்பு. ஆனால் அளவின் பிழையும் கண்டுபிடிப்பின் அளவும் ஒன்றுக்கொன்று சமமாக நிற்கும்போது, எண் சொல்வது விண்மீனைப் பற்றியா நம் கருவியைப் பற்றியா என்று பிரிக்க முடியாது.

இப்போது நிறை. நாம் அளந்தது பாதையில் ஒரு புள்ளி மட்டுமே. முழுப் பாதைக்கு வில்லியம் ஹெர்ஷல் காலம் முதல் சேர்ந்த அளவீடுகள் வேண்டும். அவற்றிலிருந்தும் தொலைவு அளவீடுகளிலிருந்தும் வானியலாளர்கள் எடுத்த எண்கள்: சுற்றுக்காலம் 88.4 ஆண்டு, அரை நெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நெடிய அச்சில் பாதி) 4.55 வில்விநாடி, இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; தொலைவைச் சொல்வது இதுதான்) 0.195 வில்விநாடி. இந்த மூன்றும் போதும்.

அரை நெட்டச்சை இடமாறு கோணத்தால் வகுங்கள். 4.55 ÷ 0.195 = 23.3. இது வானியல் அலகில், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை ஒன்று என்று வைத்தால் வரும் நீளம். மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 12,650. சுற்றுக்காலத்தின் வர்க்கம் ஏறத்தாழ 7,815. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.62. கெப்ளரின் மூன்றாம் விதி தருவது இவ்வளவுதான்: இரண்டு விண்மீன்களும் சேர்ந்து 1.62 சூரிய நிறை.

இடமாறு கோணத்தை 0.20 என்று முழுமையாக்கி மறுபடி போட்டுப் பாருங்கள். விடை 1.51 ஆகச் சரிந்துவிடும். தொலைவில் வந்த சிறு பிழை மூன்றாம் அடுக்கில் ஏறி மூன்று மடங்காகிறது. ஆகவே இடமாறு கோணத்தின் தசமங்களில் கை வைக்காதீர்கள்.

கூட்டுத்தொகையை இருவருக்கும் பிரிக்க, நிறைமையத்தைச் சுற்றி எது எவ்வளவு ஆடுகிறது என்று தெரிய வேண்டும். பின்னணி விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்ததில் பெரியது சுமார் 0.9, துணை சுமார் 0.7 என்று வருகிறது. பாதை நீள்வட்டம்; அது வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைச் சொல்லும் மையத்தொலைத்தகவு 0.5. எனவே இரண்டும் 12 வானியல் அலகு வரை நெருங்கி, 35 வரை விலகுகின்றன. நம் சூரியக் குடும்பத்தில் சொன்னால், சனிக்குச் சற்று அப்பால் தொடங்கி நெப்டியூனையும் தாண்டிப் போகும் தூரம்.

ஒளியையும் பார்த்துவிடலாம். இடமாறு கோணத்தின் மடக்கையை ஐந்தால் பெருக்கி, பொலிவெண்ணோடும் ஐந்தோடும் கூட்டுங்கள். எல்லா விண்மீன்களையும் ஒரே தொலைவில் வைத்தால் தெரியும் பொலிவெண் இது: பெரியதற்கு 5.65, துணைக்கு 7.45 வரும். அதே தொலைவில் வைத்தால் சூரியனுக்கு 4.83. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரியது சூரியனின் பாதிக்குச் சற்றுக் குறைவு, துணை பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. நிறையில் கால் பங்குகூடக் குறையாத துணை, ஒளியில் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது! நிறை கொஞ்சம் குறைந்தாலே விண்மீனின் மையத்தில் வெப்பமும் எரிவேகமும் வெகுவாக இறங்கிவிடும்; அதனால் மேற்பரப்பும் குளிர்ந்து, துணை இன்னும் செம்மஞ்சளாகத் தெரிகிறது.

முறை கைவந்ததும் இன்னும் மங்கலான ஒன்றில் இறங்குங்கள். செபியூஸ் தொகுதியில் டெல்ட்டா செபியைக் கண்டுபிடித்து, தெற்கே ஒரு பாகைக்குள் தேடினால் க்ரூகர் 60 என்ற இரட்டை விண்மீன் கிடைக்கும். நவம்பர் மாலையில் நம் வடக்கு வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும். பொலிவெண்கள் ஏறத்தாழ 9.8, 11.4. நெருக்கமான சிவப்புக் குள்ளர்கள் (சிறிய, மங்கலான, குளிர்ந்த விண்மீன்கள்) என்பதால் 80 மிமீ போதாது, 200 மிமீ ஆடி வேண்டும். நடுக்கோட்டிலிருந்து வெகுவாக விலகி இருப்பதால் விநாடிக்கு 15 என்பதும் இங்கே பொருந்தாது. எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்காலம் 44.7 ஆண்டு, அரை நெட்டச்சு 2.38 வில்விநாடி, இடமாறு கோணம் 0.2495. கணக்கைப் போட்டால் இரண்டும் சேர்ந்து 0.43 அல்லது 0.44 சூரிய நிறை வர வேண்டும்.