ஹீல் நிலை: மூக்கை இழுக்கிறோம், பின்கால்களை மறந்துவிடுகிறோம்

எறிந்த பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, நமக்கு எதிரே நின்று முகத்தை அண்ணாந்து பார்ப்பது ரிட்ரீவர் இன நாய்களுக்கு ஏறக்குறைய பிறவிக் குணம். சிக்கல் அதற்கு அடுத்த அசைவில்தான் தொடங்குகிறது. எதிரே நிற்கும் நாய் நம் இடப்பக்கம் வந்து, உடலைத் திருப்பி, நாம் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார வேண்டும். அதன் தோள் நம் காலுக்கு நேராகவும், முதுகு நாம் நிற்கும் திசைக்கு இணையாகவும் இருந்தால் அது ஹீல் நிலை. நம்மை வலப்புறமாகச் சுற்றி முதுகுக்குப் பின்னால் வரலாம். இடப்பக்கத்திலேயே வளைந்து திரும்பியும் வரலாம். ஏதேனும் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிக்கொடுப்பது நல்லது. இரண்டாவது வழிதான் பின்கால்களுக்குச் சரியான வேலை தரும் என்பதால் அதைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால்தான் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு நாய்க்குப் பெரிய நட்டமில்லை. ஆனால் எங்கே விழுந்தது என்று தெரியாத பொருளைத் தேடி அனுப்பும்போது, நாய் தன் முதுகெலும்பு காட்டும் திசையில்தான் புறப்படும். பத்து டிகிரி கோணலாக உட்கார்ந்த நாய் அதே கோட்டில் ஓடினால், 100 மீட்டர் கடக்கும்போது இலக்கிலிருந்து சுமார் 17 மீட்டர் விலகியிருக்கும்.

எல்லாரும் செய்யும் முதல் தவறு, நாயைத் திருத்தாமல் தம்மைத் திருத்திக்கொள்வது. நாய் சற்று முன்னால் உட்காருகிறது. நாம் அரை அடி நகர்ந்து பக்கத்தில் நின்றுகொண்டு "சபாஷ்" என்கிறோம். படம் நேராகிவிட்டது, பாடம் கெட்டுவிட்டது. எங்கே உட்கார்ந்தாலும் மனிதர் வந்து சேர்ந்துகொள்வார் என்று அது கற்றுக்கொண்டது. கோணலாக வந்தால் இரண்டடி முன்னால் நடந்து மறுபடி வரச்சொல்லுங்கள். நாய் உட்கார்ந்த இடத்துக்கு ஏற்ப உங்கள் பாதங்களை நகர்த்தாதீர்கள்.

இரண்டாவது தவறு தின்பண்டம் இருக்கும் கையில். வலது கையில் ட்ரீட்டை வைத்துக்கொண்டு வயிற்றுக்குக் குறுக்கே நீட்டிக் கொடுப்பவர்கள் ஏராளம். நாய் அந்தக் கையை நோக்கித் தலையைத் திருப்பும், தலை திரும்பினால் பிட்டம் வெளியே போகும். சில வாரங்களில் உங்கள் முழங்காலுக்கு முன்னால் குறுக்கே உட்காரும் நாய் தயார். வெகுமதி எப்போதும் இடது கையிலிருந்து, காற்சட்டையின் பக்கவாட்டுத் தையலை ஒட்டி, நாயின் வாய் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொடுக்கப்பட வேண்டும். லாப்ரடார் என்றால் இதில் இன்னும் கவனம் தேவை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஏறக்குறைய கால்வாசி லாப்ரடார்களிடம் பசி அடங்குவதைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. அப்படிப்பட்ட நாய் கையைத் தொடர்ந்து எங்கும் வரும். தன் கால்கள் எங்கே போகின்றன என்பது மட்டும் அதன் நினைவில் இருக்காது. அதனால் ட்ரீட்டைக் காட்டி வழிநடத்துவதைச் சில தடவைகளோடு நிறுத்திக்கொண்டு, வெறுங்கையால் அதே சைகையைக் காட்டி, வந்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான்: தனக்குப் பின்பாதி ஒன்று இருப்பது பெரும்பாலான நாய்களுக்குத் தெரிவதே இல்லை. முன்கால்கள் போகும், பின்பாதி ரயில் பெட்டிபோல இழுபட்டு வரும். இதை ஹீல் பயிற்சிக்குள் வைத்துச் சரிசெய்ய முயல்வதுதான் வீண் உழைப்பு. தனியாகக் கற்றுக்கொடுங்கள். முன்கால்கள் மட்டும் கொள்ளும் அளவில், அரை அடிக்கும் குறைந்த உயரத்தில், ஆடாத ஒரு பலகை போதும். நாய் அதில் முன்கால்களை வைத்ததும் எதிரே நின்று, உங்கள் வலப்பக்கம் ஒரு சிறு அடி எடுத்துவையுங்கள். உங்களைப் பார்த்தபடியே இருக்க அது பின்கால் ஒன்றையாவது நகர்த்தியாக வேண்டும். அந்த நொடியில் கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) அல்லது ஒரு சொல், உடனே வெகுமதி. அடுத்தடுத்த நாட்களில் நீங்கள் எதிரே நிற்பதிலிருந்து மெல்ல மெல்ல அதன் பக்கத்துக்கு வந்துவிடலாம். பிறகு பலகையை எடுத்துவிட்டால் ஹீல் நிலை பாதி முடிந்த வேலை. வழுக்கும் தரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பாயோ கம்பளமோ விரியுங்கள்.

பலகை இல்லாமல் கையால் வழிகாட்டும்போது வளைவைச் சிறிதாகப் போட்டுவிடும் தவறும் உண்டு. வளர்ந்த ரிட்ரீவரின் உடல் நீளமானது. திரும்ப இடம் வேண்டும். இடக்காலைப் பின்னுக்கு வைத்து, கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோய், உங்களை நோக்கி வளைத்து முன்னே வாருங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் தோள் திரும்பினால் நாய் விலகிப்போகும். கைப்பேசியை எதிரே நிறுத்திப் படம்பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கயிற்றை இழுத்து உட்காரவைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நாய் சாயும், அவ்வளவுதான். "ஹீல்" என்ற கட்டளையும் அசைவு நேரான பிறகே சேர வேண்டும். கோணலுக்கு முன்னால் பத்துமுறை சொன்ன சொல் கோணலுக்குத்தான் பெயராகும்.

டம்மியை, அதாவது எறிந்து எடுத்துவரப் பழக்கும் பொருளை, அவசரமாக நடுவில் கொண்டுவருவது ரிட்ரீவர்காரர்களுக்கே உரிய தவறு. பக்கத்தில் வந்த மறுகணமே வாயிலிருந்து பிடுங்கினால், ஹீல் என்பது பொருளைப் பறிகொடுக்கும் இடம் என்று நாய் புரிந்துகொள்ளும். பிறகு எட்டவே நின்று சுற்றும், அல்லது வரும் வழியிலேயே கீழே போடும். வெறும் வாயோடு அசைவு பழகட்டும். பொருளைப் பிடித்திருப்பது தனியே பழகட்டும். பிறகு இரண்டையும் சேருங்கள். வந்ததும் டம்மி வாயிலேயே இருக்க மார்பைத் தடவிக்கொடுத்து, சற்றுப் பொறுத்து வாங்குங்கள்.

நேற்றுவரை நேராக உட்கார்ந்த நாய் திடீரென்று ஒரு பக்க இடுப்பில் சரிந்து உட்கார்ந்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். லாப்ரடாருக்கும் கோல்டன் ரிட்ரீவருக்கும் இடுப்பு, முழங்கை மூட்டுக் குறைபாடுகள் அதிகம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிகளுக்கு ஒரு வேளைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.

கடைசித் தவறு, நாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அடுத்த டம்மியை எறிந்துவிடுவது. எறிதல்தான் அதற்கு மிகப் பெரிய பரிசு; எனவே அது உட்காரும்போதே களத்தைப் பார்த்து முன்னால் நகரத் தொடங்கும். நேராக இருந்தால் சில தடவை எறியுங்கள், சில தடவை ஒரு ட்ரீட், சில தடவை நாலடி நடந்து மறுபடி ஹீல். கோணலாக இருந்தால் டம்மி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.