மைக்கா, டைப்பிங்கா: கேமில் எப்போது எது?

வாய்ஸ் சாட் உசத்தியா டெக்ஸ்ட் சாட் உசத்தியா என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதை விட, அந்த நேரத்தில் உங்கள் கை சும்மா இருக்கிறதா என்று பாருங்கள், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஷூட்டர்களில் ஓடுவதற்கும் டைப் செய்வதற்கும் அதே விரல்கள்தான். சாட் பாக்ஸைத் திறந்ததும் உங்கள் ஆள் மரம் மாதிரி நின்றுவிடுவான், 'பின்னாடி வரான்' என்று அடித்து முடிப்பதற்குள் வந்தவன் சுட்டுவிட்டுப் போயிருப்பான். அங்கே மைக்தான். செஸ் போல முறை வைத்து ஆடுவதற்கு டைப்பிங்கே தாராளம்.

மைக் என்றால் முதல் வேலை, புஷ் டு டாக் போடுவது, அதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் மைக் திறக்கிற செட்டிங். மைக் எந்நேரமும் திறந்தே கிடந்தால் உங்கள் ஃபேன் சத்தம், கீபோர்டு தட்டும் சத்தம், வீட்டுச் சண்டை எல்லாம் டீமுக்குப் போகும். பட்டனை மவுஸின் பக்கவாட்டில் வையுங்கள், நடக்கிற விரல்களுக்கு வேலை கூடாது. கேமர்கள் பேசிக்கொள்ளும் ஆப்பான டிஸ்கார்டில் பட்டனை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் மைக்கைத் திறந்து வைக்க ஒரு ஸ்லைடர் உண்டு, கடைசி வார்த்தை பாதியில் வெட்டுப்பட்டால் அதைச் சற்றே கூட்டுங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக் ஆன் ஆனதும் கேம் சத்தம் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடுவது வழக்கம், காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஒயர் ஹெட்செட்டோ தனி மைக்கோ இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அப்புறம் பேசும் விதம். 'ஏய் அங்க, அங்கடா!' என்றால் யாருக்கு என்ன புரியும்? இடம், எத்தனை பேர், எவ்வளவு அடி வாங்கியிருக்கிறான், இந்த வரிசையில் சொல்லுங்கள்: 'மாடி ஜன்னல், ஒருத்தன், பாதி ஹெல்த்.' சொன்னதும் பட்டனை விடுங்கள். நீங்கள் செத்து, டீமில் ஒரே ஒருவர் மிஞ்சி ஆடும்போது தெரிந்த தகவலை ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் காதைத்தான் நம்பி ஆடுகிறார். என்னைக் கேட்டால் இதைப் பழகாதவர்களால் தோற்கிற ரவுண்டுகள்தான் அதிகம்.

லாபி கோட் (நண்பர்கள் ஒரே ஆட்டத்தில் சேர அடிக்கும் குறியீடு), நாளை எத்தனை மணிக்குக் கூடுவது, யாருக்கு எந்த ரோல் மாதிரி திரும்பப் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் எழுதிப் போடுங்கள், வாயால் சொன்னது காற்றில் போய்விடும்.

தெரியாதவர்களோடு ஆடும்போது பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. குரலைக் கேட்டதுமே வம்பிழுக்கிற கூட்டம் உண்டு, பெண்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். டீம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பிங் மட்டும், அதாவது பட்டனைத் தட்டி கேமில் ஒரு இடத்தைக் குறித்துக் காட்டும் அடையாளம் மட்டும், போட்டாலே போதும். 2019-ல் வந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸில் எதிரி, துப்பாக்கி, போகும் இடம் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் காட்டலாம், மொழி தெரியாதவருக்கும் புரியும். கத்துகிற ஆளை யோசிக்காமல் மியூட் செய்யுங்கள், ஆனால் வாய்ஸை மட்டும் அடைக்க முடிந்தால் அதை மட்டும் அடையுங்கள். அவர் போடும் பிங் உங்களுக்குத் தேவைப்படும்.