கேம்பர் வேன் வாங்குவோர் கணக்கில் விடும் தவறுகள்

ஹையேஸ், உர்வான் போன்ற பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திவிட்டால் ஹோட்டல் செலவே இல்லை. செராத்திங் கடற்கரை, கேமரன் மலை, தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை என்று நினைத்த நேரத்தில் கிளம்பிவிடலாம். கோலாலம்பூரில் கேம்பர் வேன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மலைக்காற்றில் ஓடி விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எட்டு, பத்து ஆண்டுகளில் அந்த வண்டி குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஏற்கெனவே சுமை உள்ள குடும்பங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன.

டீசலையும் டோலையும் மட்டும் பார்ப்பது

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது. வேன் வைத்திருந்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்த நாள் அது. சரி, அந்த ஏற்றம் ஒரு பயணத்தில் எவ்வளவு என்று பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்றால் 35 லிட்டர் ஆகும். பழைய விலையில் 75 வெள்ளி, புதிய விலையில் 117 வெள்ளி. ஒரு வழிக்கு 42 வெள்ளி கூடுதல். உறைக்கத்தான் செய்யும். ஆனாலும் வண்டி நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மொத்தப் பணத்தில் இது சில்லறை.

பெரிய பணம் போவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வேனுக்கு 70,000 வெள்ளி, உள்வேலைக்கு 35,000. எட்டு ஆண்டு கழித்து 45,000-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், மதிப்பில் கரைந்தது 60,000, ஆண்டுக்கு 7,500. காப்புறுதியும் சாலை வரியும் 2,500. சர்வீஸ், டயர், பிரேக் வகையில் 3,500. பேட்டரி, கசிவு, உள்வேலைப் பழுதுக்கு 1,500. ஆக ஆண்டுக்கு 15,000 வெள்ளி. இதில் ஒரு சொட்டு டீசல்கூடச் சேரவில்லை.

அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: ஆண்டுக்கு எத்தனை இரவு அந்த வேனில் தூங்குவீர்கள்? 30 இரவு என்றால் ஓர் இரவுக்கு 500 வெள்ளி. 60 இரவு என்றால் 250. கேம்பர் வேனின் உண்மையான விலை இந்த எண்தான். பத்து ஆண்டு கடந்த வண்டியா, புதிய வண்டியா என்பதைவிட, எத்தனை இரவு என்பதே செலவை முடிவு செய்கிறது.

இரவுகளை ஆசையால் எண்ணுவது

"வாரா வாரம் போவோம்" என்று தொடங்காதவர்கள் குறைவு. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 16 நாள். இரண்டு ஆண்டு முடியாதவருக்கு 8 நாள்தான். அதில் தீபாவளிக்குச் சில நாள், கல்யாணம் கருமாதிக்குச் சில நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் போய்விடும். மீதம் உள்ளவை பள்ளி விடுமுறையோடு பொருந்த வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. ஆண்டிறுதி விடுமுறையில் கடற்கரையில் வண்டியைப் போட நினைத்தவர்கள் அங்கே மழையைத்தான் பார்க்க வேண்டும். சனி ஞாயிறு எல்லாம் கிடைக்கும் என்று நினைத்தால், தமிழ்க் குடும்பத்தில் எத்தனை சனி ஞாயிறு விருந்தும் விசேஷமும் இல்லாமல் போகிறது? என் கருத்தில், மனதில் தோன்றும் எண்ணிக்கையைப் பாதியாக்கிக் கணக்குப் போடுவதே நியாயம். முதலில் ஓராண்டு வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். வாடகை அதிகம் என்று தோன்றலாம். மேலே போட்ட 500 வெள்ளியோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கடன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது

80,000 வெள்ளிக் கடன், 3.5 விழுக்காடு, ஒன்பது ஆண்டு. கேட்க இதமாக இருக்கும். நிலையான வட்டி முறையில், முதலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் வட்டி கணக்கிடப்படும். மொத்த வட்டி 25,200 வெள்ளி. குறையும் நிலுவைக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இது 6 விழுக்காட்டுக்கும் மேல். அதோடு, தவணை முடியும்வரை வண்டியின் உரிமை வங்கியிடம்தான். இருக்கைகளைக் கழற்றுவதற்கும் கூரையில் ஓட்டை போடுவதற்கும் முன் வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

உள்வேலைக்கான பணத்தைத் தவணைக் கடன் தராது. அதனால் சிலர் ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கைத் தட்டுகிறார்கள். 2024 மே மாதம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கு அது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் கை நீள்கிறது. அதே சேமநிதி 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 20,000 வெள்ளியை 6 விழுக்காட்டில் பத்து ஆண்டு விட்டுவைத்தால் ஏறக்குறைய 35,800 வெள்ளியாக வளரும். படுக்கைக்கும் அலமாரிக்கும் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை அதுதான்.

காப்புறுதியில் பழைய காரின் கணக்கை வைப்பது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உங்கள் காருக்கு 55 விழுக்காடு என்சிடி தள்ளுபடி கிடைக்கிறது என்றால், அது இழப்பீடு கேட்காமல் ஐந்து ஆண்டு ஓட்டியதால் வந்தது. 25, 30, 38.33, 45, 55 என்று படிப்படியாக ஏறியது. அந்தத் தள்ளுபடியை ஒரே நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் பயன்படுத்தலாம். கேம்பர் வேன் இரண்டாவது வண்டி என்றால் அது சுழியத்திலிருந்து தொடங்கும். முதல் ஆண்டு முழுக் கட்டணம். கண்ணாடி இல்லாத சரக்கு வேனை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, அது வணிக வாகனமாகவே பதிவில் இருந்தால், என்சிடி 25 விழுக்காட்டைத் தாண்டாது.

அடுத்தது வெள்ளம். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் நீரில் மூழ்கியதை நாம் பார்த்தோம். கேம்பர் வேன் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். அதிலும் ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் நிற்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

35,000 வெள்ளி உள்வேலையை நிறுவனத்திடம் சொல்லவே இல்லை என்றால், அது காப்புறுதியில் இல்லவே இல்லை. வெறும் வேனின் சந்தை மதிப்புதான் அவர்கள் கையில் இருக்கும். மாற்றம் செய்ததைச் சொல்லாமல் விட்டதே இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். கேஸ் அடுப்பும் மின்கம்பிகளும் உள்ள வண்டியில் தீ என்பது தூரத்து ஆபத்து இல்லை. மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதும் வினைதான். 100,000 மதிப்புள்ள வண்டியை 70,000 என்று எழுதினால், 20,000 வெள்ளிச் சேதத்துக்கு 14,000 கிடைக்கும்.

இன்னொன்று. ஐந்து ஆண்டு ஆன வண்டியில் பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போட்டால், அதன் விலையில் 15 விழுக்காடு நம் தலையில் விழும். பத்து ஆண்டில் அது 40 விழுக்காடு வரை போகும். கேம்பராக மாறும் வேன்கள் பெரும்பாலும் அந்த வயதில்தான் இருக்கின்றன. இதை விலக்கும் கூடுதல் பாதுகாப்பும் விற்கப்படுகிறது, கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர் ஈரத்தை மறப்பது

இணையத்தில் பார்க்கும் ஐரோப்பிய வேன் காணொளிகளில் குளிரை எப்படித் தடுப்பது என்றுதான் சொல்லித் தருவார்கள். நமக்கு எதிரி ஈரமும் வெயிலும். பட்டர்வொர்த் பக்கம் ஒரு பட்டறையில் விற்பனைக்கு வந்த வேன் ஒன்றைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த மெக்கானிக், "அண்ணே, மெத்தையைத் தூக்கிப் பாருங்க" என்றார். மேலே பளபளவென்று புதுத் துணி. அடியில் பிளைவூட் பலகை முழுக்கக் கரும்புள்ளிகள், விரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி போல உள்ளே போனது. மேலே சோலார் தகட்டின் கம்பி இறங்கும் ஓட்டையைச் சுற்றிப் பூசிய சிலிகோன் வெயிலில் வெடித்து, முடி அளவுக்கு ஒரு விரிசல். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சுவர்ப் பலகைக்குப் பின்னால் இறங்கி, படுக்கைக்கு அடியில் தேங்கியிருக்கிறது. உரிமையாளருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

கூரையில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஆண்டுதோறும் பார்த்துப் பூச வேண்டிய இடம். மெத்தைக்கு அடியில் காற்று போக இடைவெளி வேண்டும். வீட்டுச் சமையலறைக்குப் போடும் தூள் பலகையை வேனில் போட்டால், ஈரம் பட்டு உப்பி, சாலை அதிர்வில் திருகாணி கழன்றுவிடும். பினாங்கில் பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடலோரமாக வண்டி நிறுத்துபவர்கள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் துரு தானாக வரும்.

பேட்டரிக்கு வருவோம். ஈய அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஹையேஸ், உர்வான் இரண்டிலும் எஞ்சின் முன்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. இடம் கிடைக்கிறதே என்று பேட்டரியை அந்தப் பக்கம் வைப்பது பணத்தைச் சூட்டில் வைப்பதுதான். லித்தியம் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் சூடு அதிகமானால் சார்ஜ் ஏற்றுவதைப் பல லித்தியம் பேட்டரிகள் தடுத்துவிடும். ஏர்கோன் ஆசையையும் கணக்கோடு வையுங்கள்: 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் உள்ளது ஏறக்குறைய 2,500 வாட்-மணி. 700 வாட் இழுக்கும் ஏர்கோன் அதில் மூன்றரை மணி நேரம் ஓடும். விடியும்வரை ஓட இரண்டு மூன்று பேட்டரி வேண்டும். இரவில் குளிர்ச்சி வேண்டுமென்றால் மலைக்குப் போவதே மலிவு.

நிற்கும் வண்டிக்குச் செலவில்லை என்பது

நிற்கும் வண்டிதான் அதிகம் கெடும். ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கும், பிரேக் தட்டு துருப்பிடிக்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும். நம் நாட்டு டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது; அது நீரை ஈர்க்கும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் ஃபில்டருக்கு வேலை வரும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஆறு ஆண்டுக்கு மேலான டயரை நம்பிக் கேமரன் மலை இறங்காதீர்கள், குடும்பம் உள்ளே இருக்கிறது.

நிறுத்தும் இடமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கொண்டோ வாகன நிறுத்துமிடங்களில் உயர வரம்பு பெரும்பாலும் 2.1 மீட்டர் வாக்கில் இருக்கும். உயரக் கூரை ஹையேஸ் 2.285 மீட்டர், அதன்மேல் சோலாரும் காற்றாடியும். வெளியே மாத வாடகைக்கு இடம் பிடித்தால் அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கிச் சேருங்கள். சிறிய லோரியில் கட்டிய கேம்பருக்குப் பின்னால் இரட்டை டயர் இருந்தால், டோலில் அது இரண்டாம் வகுப்பு.

விற்கும் நாளை நினைக்காதது

வண்டியின் கெரானில், அதாவது பதிவுச் சான்றில், எத்தனை இருக்கை, என்ன உடலமைப்பு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கண்ணில் உங்கள் வண்டி. இருக்கையைக் கழற்றுவது, நிலையான அலமாரி பொருத்துவது, கூரையை மாற்றுவது எல்லாவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்ததைச் சாலையில் யாரும் கேட்காமல் ஆண்டுகள் ஓடலாம். உரிமை மாற்றத்துக்கான சோதனைக்குப் போகும்போது அது வெளிவரும். வாங்க வந்தவர் முன்பணத்தோடு நிற்க, நீங்கள் அலமாரியைப் பிரித்து, எங்கேயோ போட்ட பழைய இருக்கைகளைத் தேட வேண்டியிருக்கும். அதனால் இருக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அனுமதிக் கடிதங்கள், உள்வேலைச் சீட்டுகள், மின்கம்பி வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஏற்கெனவே மாற்றிய வேனை வாங்குகிறவர்கள், விலை பேசுவதற்கு முன் கெரானைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள இருக்கை எண்ணிக்கையை உள்ளே எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.