கப்பலில் குமட்டலா? அறையைப் பார்த்து எடுங்கள்

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து புக்கெட் பக்கம் கப்பலில் போக நினைக்கிறீர்களா? சட்டென்று குமட்டும் உடம்பு என்றால், டிக்கெட் விலைக்கு முன்னால் அறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைதான் நல்லது. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளும் ஏறி இறங்கும், நடு அவ்வளவாக அசையாது. அலை வரும்போது கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் அப்படித்தான். பக்கவாட்டு ஆட்டமோ மேலே போகப் போகக் கூடும். பால்கனி வைத்த மேல்தள அறை அழகுதான்; ஆனால் வயதான அம்மாவை அங்கே படுக்க வைக்காதீர்கள்.

ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. தொடுவானத்தைப் பார்த்தால், காது உணரும் ஆட்டமும் கண் காண்பதும் ஒத்துப்போய்க் குமட்டல் குறையும்.

மலிவாக இருக்கிறதே என்று, அறை எண்ணைக் கம்பெனியே முடிவு செய்யும் டிக்கெட்டை எடுக்காதீர்கள். எந்த மூலை கிடைக்குமோ! தள வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எண்ணைச் சொல்லியே பதிவு செய்யுங்கள். அப்புறம், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை அந்தமான் கடலில் அலை கூடும். மாத்திரை போடுவதாக இருந்தால் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும்.